யோகேஸ்வரிக்கு ஒரு நாற்காலி

மலேசியாவின் மூவார் நகரில் கிடுகிடுவென்று வளர்ந்துகொண்டிருந்த கம்பெனி அது. கஸ்டமர் சர்வீஸ் யோகேஸ்வரியின் நாற்காலி, சாய்மானம் உடைந்து தொங்கியது.

“எச்.ஆர். ஓகே சொன்னா வாங்கிடலாம்க்கா,” என்றான் பர்ச்சேசிங் ரூபேந்திரன்.

“பட்ஜெட் இருக்கான்னு அக்கவுண்ட்ஸ்ல கேளுங்க லா,” என்றார்கள் எச்.ஆரில்.

அக்கவுண்ட்ஸ் அவளைத் திரும்ப ரூபேந்திரனிடமே அனுப்பியது. முதுகுக்குத் தலையணை கொடுத்து இரண்டு மாதம் ஓட்டினாள்.

ஒருவழியாக, பக்கத்து ஊரான பத்து பாகாட்டில் ஒரு கடையிலிருந்து புது நாற்காலி வந்தது. கம்பெனி லோரி டிரைவர் சபாபதி மாடிக்குத் தூக்கி வந்து, மூச்சு வாங்க நின்றார்.

“அலமாக், இதுக்கா இவ்வளவு நாள்? போன வாரம் இதே நாற்காலிய நம்ம ஃபேக்டரியிலேருந்து ஏத்திக்கிட்டுப் போய், அந்தக் கடையில நான்தாம்மா இறக்கினேன். கீழ ஸ்டோர்ல இன்னும் அடுக்கிக் கெடக்கு.”

யோகேஸ்வரி உட்கார்ந்து, மெல்லச் சாய்ந்தாள்.

“நாம நல்லாத்தாண்ணே செய்றோம்.”