ஆச்சரியக்குறி முடி

"முடியப் பிய்ச்சுப் பிய்ச்சு சொட்டையாக்கிட்டா டாக்டர். கேட்டா, நான் இல்லன்னு பொய் சொல்லுதா," என்றாள் ஆரியசாலையிலிருந்து வந்திருந்த செல்வமணி. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் அனுஷா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மலையாளி டாக்டர் சின்னக் கேமராவை அவள் தலையில் மெல்ல வைத்தார். திரையில் முடிகள் பெரிதாகத் தெரிந்தன.

"பாருங்க சேச்சி, அடியில மெலிஞ்சு ஆச்சரியக்குறி மாதிரி இருக்கு. பிய்ச்ச முடி இப்படி இருக்காது. இது புழுவெட்டு. தானா உதிருது. மோள் சொன்னது நிஜம்தான்."



அனுஷாவின் முகம் மலர்ந்தது. முழுக்கைச் சட்டையின் கையை மேலேற்றி, கயிறு பதிந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"அப்போ இனிமே தூங்கும்போது என் கையக் கட்ட மாட்டேல்லாம்மா?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். செல்வமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.