துண்டுக்குள் நாலு விரல்

“நாப்பது வயசுல டாக்டர் படிப்பு. வெளியில சொன்னா மார்க்கெட் தெரு வாயால சிரிக்காதுடா” என்றார் சூசைநாதன்.

“சிரிக்கட்டும்ணே. சிரிக்கிறவனுக்கும் ஒருநாள் காய்ச்சல் வரும்” என்றான் தம்பி வின்சென்ட்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கடல் கடந்து வந்து போட்ட ஜவுளிக்கடையின் மேல்மாடி. பாயில் மூன்று மருத்துவக் கல்லூரிகளின் கடிதங்கள் கிடந்தன. மூன்றும் இங்கிலீஷ். அந்த எழுத்துக்கும் சூசைநாதனுக்கும் ஆகாது. துணியைத் தடவித் தரம் பார்க்கிற மாதிரி தாளைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

வின்சென்ட் கடையில் சரிபாதிக்காரன். பக்கத்தில் அவன் மனைவி ஐரீன், பதினெட்டு வருஷமாகக் கான்வென்டில் கணக்கு டீச்சர். நேற்றுத்தான் வேலையை விட்டிருந்தாள். புருஷன் கப்பலேறிவிட்டால் வீட்டை யார் பார்ப்பது என்று விட்டிருக்கிறாள், பாவம் என்று சூசைநாதன் உள்ளுக்குள் இரக்கப்பட்டுக்கொண்டார்.

“திடீர்னு என்னடா இந்தப் பைத்தியம்?”

“திடீர்னு இல்லண்ணே. ஜெலுத்தோங்ல எங்க பக்கத்து வீட்டு லெட்சுமி, பிரசவத்துல செத்தாளே. டாக்டர் வாசல்வரைக்கும் வந்து நின்னாரு. புருஷன்காரன் உள்ள விடல. தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு. அன்னிக்கு எடுத்த முடிவு.”

“எவனாவது கடல்ல முழுகினா நீ கப்பல் ஓட்டப் போவியா? முடியாது. கடைப் பெட்டிச் சாவி என் இடுப்புல இருக்கு.”

“இருக்கட்டும். அப்ப பாகம் பிரிச்சுக்கலாம்.”

சூசைநாதனுக்குச் சுருக்கென்றது. பம்பாய்க்காரன், சீனன், செட்டி என்று எவனிடமும் அசராத மனுஷன். பாகம் என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் பயம். பிரிந்த கடைக்கு எவன் நம்பிச் சரக்கு அனுப்புவான்? இனி மிரட்டிப் பயனில்லை. பேரம்தான் பேச வேண்டும்.

அந்தத் தெருவில் பெரிய பேரத்தை வாயால் பேசுவதில்லை. துண்டுக்குள் கையை விட்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். நடுவில் தரகர் சாட்சி. துண்டு விலகின பிறகு சொல் மாறுகிறவனுக்கு அந்தத் தெருவில் டீத்தண்ணிகூடக் கிடைக்காது.

கீழே துணி பார்க்க வந்திருந்த தரகர் ஜபருல்லாவை மேலே கூப்பிட்டார்கள்.

“என்ன சரக்கு?” என்றார் அவர், தோள் துண்டை எடுத்தபடி.

“வருஷம். படிப்புக்கு எத்தனை வருஷம் விடலாம்னு பேசணும்.”

“முப்பது வருஷத் தரகுல இந்தச் சரக்கு புதுசுலா.”

சூசைநாதன் கடிதங்களைக் காட்டினார். “எந்த ஊரு, எத்தனை வருஷம்? யாராவது படிச்சுச் சொல்லுங்க.”

“சிங்கப்பூர் ஆறு, பெரியத்தான். மதராஸ் அஞ்சு. வேலூர் நாலு” என்றாள் ஐரீன். கடிதங்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

துண்டு விழுந்தது. சூசைநாதன் தம்பியின் இரண்டு விரலைப் பிடித்தார். அவன் அவருடைய ஐந்தையும் சேர்த்துப் பிடித்தான். அவர் மூன்றுக்கு ஏறினார். அவன் கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நாலையும் இறுக்கினான். மறுபடி மூன்று என்றார். இறுக்கம் கூடியதே தவிர, விரல் குறையவில்லை.

சூசைநாதன் யோசித்தார். சிங்கப்பூரில் தெரிந்த முகம் அதிகம், மானம் போகும். மதராஸ் பெரிய பட்டணம், கெட்டுப்போக நூறு சந்து. வேலூரில் என்ன இருக்கிறது, ஒரு கோட்டையும் வெயிலும். படிக்கிறதைத் தவிர வேறு வேலை கிடையாது.

நாலு விரலையும் பிடித்து அழுத்தினார்.

“ஆனா வேலூர்தான். வேற ஊருக்கு இந்தப் பேச்சு செல்லாது.”

“சரிண்ணே.”

“பாதியில விட்டுட்டு ஓடி வரக் கூடாது.”

“சரி.”

“வீட்டுல இருக்கிற ஆளு பிள்ளைங்களை ஒழுங்காப் பாத்துக்கணும். தனியா இருக்க முடியல, வா வான்னு கடுதாசி போட்டு இழுக்கக் கூடாது.” இதைச் சொல்லும்போது ஐரீன் பக்கம் ஒரு பார்வையை வீசினார்.

“அதுக்கும் சரிண்ணே” என்றான் வின்சென்ட்.

ஜபருல்லா துண்டை உருவித் தோளில் போட்டார். “நாலு வருஷம், வேலூர். நான் சாட்சி. இனி ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது.”

பேரம் படிந்துவிட்டால் சூசைநாதனுக்குத் தாராளம் வந்துவிடும். எழுந்து போய், சீமையிலிருந்து வந்த வெள்ளை டிரில் துணிக்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

“எங்க வீட்டு ஆளு நாகப்பட்டணத்துல இறங்குறப்ப தொரை மாதிரி இறங்கணும். நாலு சூட்டுக்கு வெட்டச் சொல்றேன். அளவு குடுத்துட்டுப் போடா.”

வின்சென்ட் நகரவில்லை. ஐரீன்தான் எழுந்தாள். வேலூர்க் கடிதத்தை மட்டும் எடுத்து மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு, அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

“சூட்டு வேணாம் பெரியத்தான், சேலையா எடுத்து வைங்க. அங்க ஆம்பளைங்களைச் சேர்க்கிறதில்ல.”