முதல் பக்கத்தில் ஒரு திருத்தம்

ஏரிக்கரைப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த கொக்கு வேறு ஏரிக்குப் போய்விட்டது. அந்த இடத்துக்குக் கீரி வந்தது. முதல் நாளே, பிழை திருத்தும் நத்தை மெதுவாக ஊர்ந்து வந்து நின்றது.

"ஐயா, போன மாதம் வாத்து முட்டைகளை நீர்நாய் திருடிவிட்டதாகச் செய்தி போட்டோம். முட்டைகளை அடித்துக்கொண்டு போனது வெள்ளம்தானாம். வாத்தே நேற்று சொன்னது."

"அது கொக்கு போட்ட செய்தி. நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?"

"கொக்குதானே போனது? பத்திரிகை இங்கேதானே இருக்கிறது?"

கீரி யோசித்தது. "சரி, கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி போடு."

"திருட்டுச் செய்தி முதல் பக்கத்தில் வந்தது, ஐயா."

கீரி முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தது. பிறகு, தான் பதவியேற்ற செய்தியை முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, அங்கே திருத்தத்தைப் போட்டது.

மறுநாள் காலை, ஒரு மாதமாகக் கரைப்பக்கமே வராத நீர்நாய் குட்டிகளோடு வந்தது. பத்திரிகையை இரண்டு முறை படித்தது. திட்டத்தான் போகிறது என்று கீரி தலையைக் குனிந்துகொண்டது.

"குட்டிகளுக்குப் படிக்கத் தெரியாது," என்றது நீர்நாய். "நீங்களே ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்."

கீரி எழுந்து நின்று வாசித்தது.