செவ்வந்தியின் தண்டோரா

"நாங்க நல்லா ஏமாந்துட்டோம்க்கா! இருபத்தஞ்சாயிரம்! பட்டை நாமம்!"

சீர்காழி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா யார் எவர் என்றே செவ்வந்திக்குத் தெரியாது. டிக்கெட் வாங்கின கையோடு ஆரம்பித்துவிட்டாள்.

முன் சீட்டில் இருந்த அவள் புருஷன் வீரையன், சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. டிவி வந்த கையோடு அந்த மகராசனும் வந்தான், வேன் போட்டுக்கொண்டு, உளுந்து வாங்க.

வீரையனிடம் ஐந்து மூட்டை. விலை பதினைந்தாயிரம் என்று பேசி முடித்தார்கள். அவன் நீட்டியது இருபத்தைந்தாயிரத்துக்குச் செக்.

"முதலாளி மொத்தமா எழுதிக் குடுத்துட்டாரு தாயி. மிச்சம் பத்தை நீங்க ரொக்கமாத் தந்துருங்க. அடுத்த ஊர்ல சரக்கு எடுக்கணும்."

பத்தாயிரம் வீட்டில் இருந்தது. நெல் விற்ற பணம். அடகில் இருக்கும் செவ்வந்தியின் தோட்டை மீட்க எடுத்து வைத்தது. செக்குதான் வந்துவிட்டதே, பாங்கில் போட்டு மீட்டுக்கொள்ளலாம் என்று வீரையன் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

செக் திரும்பி வந்துவிட்டது. உளுந்தும் போச்சு, ரொக்கமும் போச்சு.

சித்திரை கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் தோடு ஏலம். செவ்வந்தியின் அம்மா போட்ட தோடு. இப்போது அவள் காது ஓட்டையில் விளக்குமாற்றுக் குச்சி.

போலீஸில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆள் பேர் என்ன, எந்த ஊர் என்று கேட்டார்கள். இரண்டுமே தெரியாது.

அன்றைக்கு ஆரம்பித்தாள் செவ்வந்தி. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி வரிசை, கொள்முதல் நிலையம், ஒரு இடம் பாக்கி இல்லை. ஏமாந்த கதையை முழுசாகச் சொல்லுவாள். முடிவில், "இடது காது மடல்ல ஒரு வெட்டு இருக்கும். வாயைத் தொறந்தா தாயி, தாயிம்பான். பார்த்தா சொல்லுங்க" என்று வீரையனின் செல் நம்பரையும் கொடுப்பாள்.

"ஏண்டி, நம்ம கேணத்தனத்தை நாமளே ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? ராஜாங்கம் காதுல விழுந்தா சிரிப்பாரே" என்று புலம்பினான் வீரையன்.

அவன் உழும் மூன்று மா நிலமும் ஊர்ப் பெரிய பண்ணை ராஜாங்கத்தின் அப்பாவிடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. வீரையனின் அப்பா கோர்ட்டுக்குப் போய் அதைச் சொந்தமாக வாங்கிக்கொண்டார். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஆகாது.

ராஜாங்கத்தின் காதிலும் விழுந்தது. சிரித்தாரா? ஆள் விட்டுக் கூப்பிட்டே அனுப்பிவிட்டார்.

"எங்கப்பாகிட்டேர்ந்து நிலத்தை வாங்கத் தெரிஞ்ச குடும்பம், ஒரு செக்கைப் பார்த்து வாங்கத் தெரியலையா வீரையா? சரி, போனது போச்சு. உன் பொண்டாட்டி என்ன இப்படி தண்டோரா போடுறா? விவரம் உள்ளவன் எவனாவது வெளியில மூச்சு விடுவானா? ஊர் மானமே போகுது!"

வீரையன் தலையைக் குனிந்துகொண்டான். கூடப் போயிருந்த செவ்வந்தி விடவில்லை.

"மானத்தை எடுத்துக் காதுல மாட்டிக்க முடியாதுங்கய்யா. எனக்குத் தோடு வேணும்."

"இதுங்களுக்கெல்லாம் எங்க புரியப்போவுது?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அதற்கு அடுத்த நாள்தான் இந்த பஸ் பயணம். பக்கத்து சீட்டு அம்மா சைத்தூன் பீவி. மருமகன் மூஸா சீர்காழியில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறார்.

"அல்லாவே, இப்படியுமா பண்ணுவானுவ?" என்று உச்சுக் கொட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த வாரமே வீரையனின் செல் அடித்தது. சைத்தூன் பீவிதான், மண்டியிலிருந்து.

"தங்கச்சிகிட்ட குடுங்க. ஏ தங்கச்சி, உன் தாயி வந்துட்டான்! முப்பதாயிரத்துக்குத் தேங்கா எடுத்துட்டு அம்பதுக்குச் செக் நீட்டுறான். காதுல வெட்டு இருக்கு. பணம் எண்ணுறாங்கன்னு சொல்லி டீ குடுத்து உக்கார வச்சிருக்கோம். போலீசுக்கும் சொல்லியாச்சு. ஓடியா!"

ஓடினார்கள். ஸ்டேஷனில் அவனைப் பார்த்ததும் செவ்வந்திக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே நாலு கெட்ட வார்த்தையும் சொன்னாள்.

சாயங்காலம் அவன் மச்சான் வந்து, வீரையனுக்குச் சேரவேண்டிய இருபத்தைந்தாயிரத்தையும் மேசை மேல் வைத்தான்.

அதற்குள் ஊரிலிருந்து ஒரு கூட்டம் வந்துவிட்டது. யாரும் கூப்பிடாமலே ராஜாங்கமும் வந்திருந்தார். "நம்ம ஊர்க்காரனாச்சே, விட்டுட முடியுமா?" என்றார். ஆனால் கதவோரமாகவே நின்றார். துண்டு பாதி முகத்தை மறைத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்து உறுமினார்.

"ஏண்டா, இவ்வளவு ஊர் இருக்கு. இவங்க ஊர்தான் உனக்கு இளிச்சவாய் ஊராத் தெரிஞ்சுதா?"

அவன் மெல்லத் தலையைத் தூக்கினான். சுற்றிப் பார்த்தான். கதவோரத்தில் கண் நின்றது.

"பங்குனி ஆரம்பத்துல அந்த அய்யாகிட்ட இருபது மூட்டை எடுத்துக்கிட்டு இதே மாதிரி செக் குடுத்தேன் சார். ஒரு மாசம் பார்த்தேன். ஊருக்குள்ள பேச்சு மூச்சே இல்லை. அந்தத் தைரியத்துலதான் சார் மறுபடியும் அதே ஊருக்கு வந்தேன்."