வலைக்கு அந்தப் பக்கம்

ஒரு மீன் பண்ணைத் தொட்டியில் செம்பன், பொடியன் என்று இரண்டு ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் இருந்தன. ஒரே தாய் வாயில் வைத்துக் காத்த அண்ணன் தம்பிதான். ஆனால் செம்பன் கொழுகொழுவென்று வளர்ந்தான். பொடியன் வளரவே இல்லை.

"உன்னைத் தம்பின்னு சொன்னா கொசுப்புழுகூடச் சிரிக்கும்டா. பிறவியிலேயே நீ சொத்தை," என்பான் செம்பன். தீனி விழும்போதெல்லாம் அவனை ஒரு முட்டு முட்டித் தள்ளுவான்.

வளராத குஞ்சை வாத்துக்குப் போடுவது பண்ணை வழக்கம். பண்ணைக்காரர் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று தொட்டியின் குறுக்கே வலை கட்டி, பொடியனை அந்தப் பக்கம் விட்டார்.

மழைக்காலம் முடிந்தது. வலையருகே வந்த செம்பன் திகைத்துப்போனான். எதிரே அவன் அளவுக்கே நின்றான் பொடியன்.

"அங்கே என்னடா விசேஷத் தீனி?"

"அதே தீனிதான் அண்ணே. உன் பக்கம் இருந்தப்பவும் மிச்சம் மீதி தின்னேன். பயத்துல உடம்புல ஒட்டலை."



மறுநாள் வலையை அவிழ்த்தார்கள். தீனி விழுந்தது. செம்பன் லேசாகத் திரும்பியதுமே, அவ்வளவு பெரிய பொடியன் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலைக்கு ஓடினான்.

செம்பன் தீனியைத் தொடவில்லை. எதிர் மூலைக்குப் போய், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டான்.