எரிச்சல் இல்லை

ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு வெள்ளை எலியும், அதன் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் மனிதத் தோலும் இருந்தன. அங்கே கூட்டிப் பெருக்கும் பூங்காவனத்துக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது நகத்தளவு தோல் எடுத்து, அதை உள்ளங்கை அகலத்துக்கு வளர்த்திருந்தார்கள்.

முன்பெல்லாம் புது மருந்தை எலியின் முதுகில்தான் சொட்டுவிட்டுப் பார்ப்பார்கள். எலி கத்தும். இப்போது தோலின்மேல் விடுகிறார்கள்.

"வலிக்குதா?" என்று எலி கேட்டது.

"துளிகூட இல்ல. ஈரமா இருக்கு, அவ்வளவுதான்," என்றது தோல்.

மூன்றாவது சொட்டு விழுந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பூங்காவனம் துடைப்பத்தைக் கீழே போட்டாள். நான்காவது சொட்டுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் குனிந்து தோலைப் பார்த்தார். நோட்டில் "எரிச்சல் இல்லை" என்று எழுதினார்.

"வெளியில யாரோ முனகுற மாதிரி இருக்கே?" என்று தோல் கேட்டது.

எலி தன் முதுகைத் திரும்பி நக்கிக்கொண்டது. அங்கே இப்போதுதான் மறுபடி முடி முளைக்கத் தொடங்கியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றது.