விசா அதிகாரியின் கடைசிக் கேள்வி

“வெளிநாட்டுக்குப் படிக்கப் போகட்டுமாங்க?” என்று அன்று அவள் கேட்டபோது, “உன் இஷ்டம்” என்றான் கணவன். சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டான். அந்த எரிச்சல் தீராமலே அவள் இப்போது விசா அதிகாரியின் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“இங்கே காலேஜே இல்லையா?” என்றார் அதிகாரி.

“நிலநடுக்கத்தைத் தாங்கற கட்டடங்களைப் பத்திப் படிக்கப் போறேன் சார். முழு வீட்டையும் ஆட்டிப் பார்க்கற ஆய்வுக்கூடம் அங்கேதான் இருக்கு.”

“வீட்டை ஆட்டிப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா?”

“பல நாட்டு ஆளுங்களோட வேலை பழகலாம். தனியா சமாளிக்கவும் கத்துக்குவேன்.”

“சரியில்லை. விசா கிடையாது.”

சமையலறையில் பால் பொங்கி வழிந்தது. அதிகாரி ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

“ஏங்க, நாளைக்கு நிஜ இன்டர்வியூ. ஒத்திகைக்குக் கூப்பிட்டா, காலையிலேர்ந்து ஃபெயில் போட்டுக்கிட்டே இருக்கீங்க. நான் என்னதான் சொல்லணும்?” என்று அவள் பல்லைக் கடித்தாள்.

கணவன் கரித்துணியோடு மறுபடி உட்கார்ந்தான். “கடைசிக் கேள்வி. படிப்பு முடிஞ்சதும் திரும்பி வருவீங்களா?”

“வருவேன் சார். என் வீட்டுக்காரர் இங்கேதான் இருக்கார்.”

இந்தமுறை அவன் ஃபெயில் போடவில்லை. கரித்துணியை மடித்துக்கொண்டே இருந்தான்.

“நிஜமாவே வந்துடும்மா” என்றான்.